மூன்று முறை ஃபார்மட் செய்தும் திரும்பி வரும் ஷார்ட்கட் வைரஸ்: எங்கே ஒளிந்திருக்கிறது?

நகல்கடைக்காரன் | செவ்வாய், காலை 10.42

கல்லூரி வாசலுக்கு எதிரே பதினோரு ஆண்டுகளாக நகலகம் நடத்தும் என் பெயரை ஒரு பென்டிரைவ் வைரஸ் மூன்றே வாரத்தில் கெடுத்துவிட்டது என்று சொன்னால் உங்களில் எத்தனை பேர் நம்புவீர்கள் என்று தெரியவில்லை. "அந்தக் கடையில் பென்டிரைவ் கொடுக்காதே, வைரஸ் ஏறிவிடும்" என்று மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். இது மார்ச் மாதம். புராஜெக்ட் ரிப்போர்ட்டும் ஸ்பைரல் பைண்டிங்கும்தான் எனக்கு ஆண்டின் பாதி வருமானம்.

நடப்பது இதுதான். பென்டிரைவைச் செருகி எடுத்தால் உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. ஒவ்வொன்றும் 2 கேபி. சென்ற வாரம் ஒரு மாணவிக்கு மறுநாள் வாய்மொழித் தேர்வு. அவருடைய புராஜெக்ட் முழுவதும் போய்விட்டது என்று கடையிலேயே அழுதுவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று கணினிகள் உள்ளன. முன்பக்கக் கணினியில் வாடிக்கையாளர் பென்டிரைவ்களைத் திறந்து அச்செடுப்போம். நடுக் கணினியில் பாஸ்போர்ட் போட்டோ, ஆதார் அச்சு, இணைய விண்ணப்பம். பின்பக்கம் இருப்பது பக்க வடிவமைப்புக்கு. அதில் இணையமே கிடையாது. மூன்றும் விண்டோஸ் 7. மூன்றையும் மூன்று முறை ஃபார்மட் செய்துவிட்டேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு வந்துவிடும். இதில் எனக்குப் புரியாத ஒன்று: ஒவ்வொரு முறையும் முதலில் பிடிப்பது நடுக் கணினிதான். அதில் வாடிக்கையாளர் பென்டிரைவையே நாங்கள் போடுவதில்லை!

அழித்த ஹார்ட் டிஸ்கில் வைரஸ் எங்கே உட்கார்ந்திருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி | செவ்வாய், பகல் 12.15

முதலில் அந்த மாணவிக்கு ஆறுதல் சொல்லுங்கள். அவருடைய கோப்புகள் எங்கும் போகவில்லை. பென்டிரைவின் பண்புகளைத் திறந்து எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ஃபோல்டர்கள் நிஜமாகவே அழிந்திருந்தால் இடம் காலியாகக் காட்டும். காட்டாது.

நான் கோவையில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த வகையோடு ஐந்தாறு ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அது வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

வைரஸ் பிடித்த கணினியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் விண்டோஸுக்கான விபிஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியிருப்பார்கள். அதை ஓட்டுவது விண்டோஸுடனேயே வரும் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற நிரல். கணினியைத் தொடங்கியதும் தானாக எழுந்துகொள்ளும்படி ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டிலும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் தன்னைப் பதிந்து வைத்திருக்கும். சில விநாடிகளுக்கு ஒரு முறை "புதிதாக ஏதாவது டிரைவ் வந்ததா?" என்று எட்டிப் பார்க்கும். வந்துவிட்டால் மூன்று காரியம் செய்யும். தன்னுடைய பிரதி ஒன்றை அதில் மறைத்து வைக்கும். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர்களுக்கு "மறைக்கப்பட்டது", "சிஸ்டம் கோப்பு" என்ற இரண்டு முத்திரைகளையும் குத்தும். பிறகு அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை உருவாக்கி வைக்கும்.

இதில் கெட்டிக்காரத்தனம் எது தெரியுமா? அந்த ஷார்ட்கட்டை இரட்டைக் கிளிக் செய்தால் இரண்டு வேலை நடக்கும். முதலில் வைரஸ் ஸ்கிரிப்ட் ஓடும். உடனே உங்களுடைய உண்மையான ஃபோல்டரும் திறந்துகொள்ளும். தேடியது கிடைத்துவிட்டதால் நீங்கள் எதையும் சந்தேகிக்க மாட்டீர்கள். திருடன் வீட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு, கூடவே தானும் உள்ளே வருவதைப் போல.

முன்பெல்லாம் இந்தக் கிளிக்கும் தேவைப்படவில்லை. பென்டிரைவைச் செருகினாலே ஆட்டோரன் வழியாக வைரஸ் தானாக ஓடும். 2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் இந்த வழியையும் பயன்படுத்தியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளிலும் பென்டிரைவுக்கான ஆட்டோரனை மைக்ரோசாஃப்ட் ஒரு புதுப்பிப்பின் வழியாக நிறுத்தியது. விண்டோஸ் 7 வரும்போதே அப்படித்தான் வந்தது. தானாக ஓடும் கதவு மூடியதால் மனிதக் கையைக் கொண்டு திறக்க வைக்கிறார்கள்.

கோப்புகளை மீட்க, கட்டளைத் திரையில் அட்ரிப் கட்டளையால் அந்த இரண்டு முத்திரைகளையும் நீக்கினால் போதும். பிறகு ஷார்ட்கட்டுகளையும், அதுவரை மறைந்திருந்த அந்த ஸ்கிரிப்ட் கோப்பையும் அழியுங்கள். ஆனால் நோய் பிடித்த கணினியிலேயே இதைச் செய்தால் நீங்கள் துடைக்கத் துடைக்க அது திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒழுங்காக ஃபார்மட் செய்த டிஸ்கில் இந்த வகை வைரஸ் எங்கும் உட்கார்ந்திருக்காது. அது வெளியிலிருந்து மறுபடி வருகிறது. இரண்டு கேள்விகள்: சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தீர்களா, டி-யையும் சேர்த்தா? ஃபார்மட் செய்தபின் பிரிண்டர் டிரைவரையும் தமிழ் எழுத்துருக்களையும் எதிலிருந்து ஏற்றினீர்கள்?

---

நகல்கடைக்காரன் | செவ்வாய், பகல் 1.03

தம்பி, நூறு முறை நன்றி. அட்ரிப் வேலை செய்தது. அந்தப் பெண்ணின் ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. கைப்பேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு முறை சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தது உண்மை. மூன்றாம் முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். எழுத்துருக்கள் சிடியில் உள்ளன. சிடியில் வைரஸ் எழுத முடியாதல்லவா?

---

இரவுப்பணி | செவ்வாய், பகல் 1.20

ஒரு முறை எழுதி மூடிய சிடியில் முடியாது. எழுதும்போதே சுத்தமாக இருந்திருந்தால் அதை விட்டுவிடலாம். வேறெங்கோ இருக்கிறது. யூஎஸ்பி துளைகளில் ஒரு நாளில் எவையெல்லாம் செருகப்படுகின்றன என்று பட்டியல் போடுங்கள்.

---

பழைய_பிளாப்பி | செவ்வாய், மாலை 5.48

கணினியை ஃபார்மட் செய்துவிட்டு வட்டுகளை மறப்பது நாற்பது ஆண்டுப் பழக்கம் ஐயா. நான் வங்கியில் கணினிமயமாக்கல் தொடங்கிய காலத்து ஆள். எங்கள் கிளைக்குக் கணினி வந்தபோது கூடவே வைரஸும் வந்தது என்று வேடிக்கையாகச் சொல்வோம்.

ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் நம் பக்கத்து நாட்டில் பிறந்தது. 1986, லாகூர். பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற இரண்டு சகோதரர்கள் கணினிக் கடை வைத்திருந்தார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களைப் பிடிக்கத்தான் அதை எழுதினோம் என்று பின்னால் சொன்னார்கள். பெயர் பிரெய்ன். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி, தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்றும் சேர்த்திருந்தார்கள். இன்று வைரஸ் எழுதுபவன் முகவரி கொடுப்பானா? அந்தக் காலத்துப் பென்டிரைவான பிளாப்பி வட்டுகள் ஊர் ஊராகப் போக, அவற்றின் வழியே அது கடல் கடந்தது; யார் யாரோ அந்த எண்ணுக்கு அழைத்துத் திட்டினார்களாம். 2011-இல் ஃபின்லாந்தின் பாதுகாப்பு ஆய்வாளர் மிக்கோ ஹிப்போனன் அதே முகவரியைத் தேடிக்கொண்டு லாகூர் போனார். சகோதரர்கள் அங்கேயே இருந்தார்கள், அதே பெயரில் இணையச் சேவை நிறுவனம் நடத்திக்கொண்டு!

அது பரவிய விதம்தான் உங்களுக்குப் பயன்படும். பழைய ஐந்தேகால் அங்குல பிளாப்பி, கொள்ளளவு 360 கேபி. அதன் முதல் 512 பைட் பகுதிக்குப் பூட் செக்டர் என்று பெயர். கணினியை இயக்கும்போது உள்ளே பிளாப்பி இருந்தால் இயந்திரம் முதலில் அந்தப் பகுதியைத்தான் படித்து ஓட்டும். பிரெய்ன் அங்கே தான் குடியேறி, அசல் பூட் செக்டரை வேறிடத்துக்கு மாற்றி, அந்த இடத்துக்கு "பழுதடைந்த பகுதி" என்று குறி போட்டுவிடும். பழுது என்ற இடத்தை டாஸ் (அன்றைய இயங்குதளம்) தொடாது. யாராவது பூட் செக்டரைத் திறந்து பார்த்தால், மாற்றி வைத்த அசலை எடுத்துக் காட்டும். நல்ல பிள்ளை.

இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. இயங்குதளமே இல்லாத, வெறும் கடிதங்கள் மட்டும் இருக்கும் பிளாப்பியை உள்ளே மறந்துவிட்டுக் கணினியைப் போட்டால், "இது சிஸ்டம் வட்டு இல்லை, மாற்றிப் போடு" என்று திரையில் வரும். அதைச் சொல்வதே அந்தப் பூட் செக்டரில் உள்ள நிரல்தான். திரையில் அந்த வரியைப் படிக்கும்போதே வைரஸ் நினைவகத்துக்கு ஏறியிருக்கும். பிறகு அன்று போடும் ஒவ்வொரு பிளாப்பிக்கும் அது தொற்றும். எங்கள் மேலாளர் மாலையில் பிளாப்பியை உள்ளேயே விட்டுவிட்டுப் போவார்; காலையில் உதவியாளர் சுவிட்சைப் போடுவார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிரெய்ன் ஹார்ட் டிஸ்கைத் தொடவே இல்லை. பிளாப்பியில் மட்டுமே வாழ்ந்தது. அப்படியிருந்தும் உலகம் சுற்றியது. ஆகவே உங்கள் டிஸ்கை விடுங்கள், போய்வரும் பொருளைத் தேடுங்கள்.

---

மூன்றாமாண்டு | செவ்வாய், இரவு 8.31

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். வைரஸ், வோர்ம், டிரோஜன் மூன்றுக்கும் வேறுபாடு என்ன? எங்கள் பாடக்குறிப்பில் மூன்று வரையறைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன. இந்த ஷார்ட்கட் எந்த வகை? தேர்வு வருகிறது.

---

இரவுப்பணி | செவ்வாய், இரவு 11.52

தேர்வுக்கு எழுத வேண்டியது: வைரஸ் இன்னொரு நிரலிலோ பூட் செக்டரிலோ ஒட்டிக்கொண்டு, அது ஓடும்போது தானும் ஓடிப் பெருகும். வோர்ம், அதாவது புழு, தனி நிரல். தானே பிரதியெடுத்து அடுத்த கணினிக்குப் போகும். டிரோஜன் பெருகுவதே இல்லை. நல்ல நிரல் வேடத்தில் வந்து உட்காரும். உங்கள் விரிவுரையாளர் இதற்கு மதிப்பெண் தருவார்.

எனக்கோ இந்தப் பிரிவினையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஷார்ட்கட் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிரலிலும் ஒட்டாமல் தனியாகப் பெருகுவதால் அது புழு. ஃபோல்டர் வேடம் போடுவதால் டிரோஜன் குணம். ஊரே அழைப்பது வைரஸ் என்று. வேலையில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது பரவ மனிதன் ஒருவனுடைய கை தேவையா, தேவையில்லையா?

கை தேவையில்லாதது எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்லாமர். 2003 ஜனவரி 25. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் இருந்த ஓட்டை வழியே நுழைந்தது. மொத்தப் புழுவும் 376 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் பிடிக்கும்; நகல்கடை அண்ணன் மேலே எழுதிய புலம்பலின் முதல் வாக்கியம்கூட அதைவிடப் பெரிது. ஒரே ஒரு தரவுப் பொட்டலத்தில் முழுப் புழுவும் அடங்கிவிடும். அனுப்புமுன் "நீ இருக்கிறாயா?" என்று எதிர்முனையைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, கண்மூடித்தனமாக எறிந்துகொண்டே இருந்தால் போதும். தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒரு முறை இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில், பாதிக்கப்படக்கூடிய ஏறத்தாழ 75,000 கணினிகளில் பத்தில் ஒன்பது விழுந்துவிட்டன. அது டிஸ்கில் எதையும் எழுதவில்லை. நினைவகத்தில் மட்டுமே இருந்தது. கணினியை அணைத்துப் போட்டால் போய்விடும். ஓட்டையை அடைக்காமல் போட்டால் சில நிமிடங்களில் மறுபடி வந்துவிடும். அந்த ஓட்டைக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

2017 மே 12-இல் வந்த வானாக்ரை புழுவும் அப்படித்தான். திருத்தம் வந்தது மார்ச் 14. இரண்டு மாத இடைவெளி. எங்கள் ஆலையில் அந்த வெள்ளிக்கிழமை இரவு நான் பணியில் இருந்தேன். பிரிட்டிஷ் மருத்துவமனைகள் முடங்கின என்ற செய்தியைப் பார்த்ததும் எல்லாப் பிரிவுகளின் வலைக் கம்பிகளையும் கையால் பிடுங்கினேன். மேலதிகாரி அதிகாலையில் வந்து திட்டினார். மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர் அந்தப் புழுவின் நிரலில் இருந்த ஓர் இணைய முகவரியைப் பத்து டாலர் சொச்சத்துக்குப் பதிவு செய்ததும் பரவல் நின்றுபோனது. அந்த முகவரி உயிரோடு இருந்தால் வேலையை நிறுத்திக்கொள் என்று புழுவுக்குள் எழுதியிருந்தது. அதிர்ஷ்டம்தான்.

---

சந்தேகப்பேர்வழி | புதன், காலை 9.10

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். வைரஸை எழுதுவதே ஆன்டிவைரஸ் விற்பவர்கள்தான். நோயையும் பரப்பி மருந்தையும் விற்கிறார்கள். இல்லையென்றால் இத்தனை ஆண்டுகளில் எல்லா வைரஸையும் கண்டுபிடிக்கும் ஒரே ஒரு மென்பொருளை ஏன் யாராலும் எழுத முடியவில்லை?

இன்னொன்று: பின்பக்கக் கணினியில் இணையம் இல்லை என்கிறார். இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் வருமா? கடையில் வேலை செய்பவர்களை விசாரிக்கச் சொல்லுங்கள்.

---

பழைய_பிளாப்பி | புதன், பகல் 11.37

> எல்லா வைரஸையும் கண்டுபிடிக்கும் ஒரே ஒரு மென்பொருளை ஏன் யாராலும் எழுத முடியவில்லை?

எழுத முடியாது என்பதற்குக் கணித நிரூபணமே இருக்கிறது. அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த ஃபிரெட் கோஹன் 1983 நவம்பரில் வைரஸைச் சோதனையாக ஓட்டிக் காட்டினார். வைரஸ் என்ற பெயரை அவருக்குச் சொன்னவர் பேராசிரியர் லெனார்ட் அடில்மன். கோஹன் வாதம் மிக எளிது. "இது வைரஸா, இல்லையா" என்று தப்பாமல் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி நிரல் ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்வோம். நான் ஒரு குறும்புக்கார நிரலை எழுதுகிறேன். அது முதலில் அந்த நீதிபதியையே கூப்பிட்டு "நான் வைரஸா?" என்று கேட்கும். "ஆம்" என்றால் சும்மா இருந்துவிடும். "இல்லை" என்றால் பரவும். நீதிபதி எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே அப்படிப்பட்ட நீதிபதி இருக்கவே முடியாது.

அதனால்தான் ஆன்டிவைரஸ்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பிடிபட்டவற்றின் அடையாளத்தை வைத்துத் தேடுகின்றன. சந்தேகத்துக்குரிய நடத்தையையும் கவனிக்கின்றன. நான்கு எழுத்தை மாற்றி எழுதிய ஸ்கிரிப்ட் சில நாளாவது தப்பிக்கும். உரிமம் காலாவதியான ஆன்டிவைரஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

விற்பனைக்காகப் பயமுறுத்துவார்கள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 1992 மார்ச் 6-ஆம் தேதி மைக்கேலாஞ்சலோ வைரஸ் ஹார்ட் டிஸ்குகளை அழிக்கும் என்று பெரும் பீதி கிளம்பியது. ஐம்பது லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்று ஆன்டிவைரஸ் வியாபாரத்தில் இருந்த ஜான் மெக்காஃபியின் பெயரில் செய்திகள் வந்தன. நடந்தது ஆயிரங்களில் நின்றது. விற்பனை மட்டும் அமோகம். ஆனால் பயத்தைப் பெரிதாக்கி விற்பது வேறு, வைரஸை எழுதுவது வேறு. பிரெய்னை எழுதியவர்கள் கணினிக் கடைக்காரர்கள். அதற்கு முன் 1982-இல் ஆப்பிள் கணினிகளில் எல்க் குளோனரை எழுதியது ரிச் ஸ்கிரெண்டா என்ற பதினைந்து வயதுப் பள்ளிப் பையன், நண்பர்களைச் சீண்டுவதற்காக; ஐம்பதாவது முறை இயக்கும்போது ஒரு கவிதை வரும். அவனிடம் என்ன விற்பனை உத்தி இருந்திருக்கும்?

---

இரவுப்பணி | புதன், பகல் 12.05

> இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் வருமா?

ஈரானில் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்துக்கு வந்ததே. 2010 ஜூனில் ஸ்டக்ஸ்நெட்டைக் கண்டுபிடித்தவர்கள் பெலாரஸ் நாட்டு நிறுவனத்தினர். வெளி உலகோடு தொடர்பற்ற வலையமைப்புகளுக்குள் பென்டிரைவ் வழியாகப் போகும்படி அமைத்திருந்தார்கள். அதுவும் ஷார்ட்கட் கோப்பைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அங்கே இரட்டைக் கிளிக் கூட வேண்டியதில்லை. ஃபோல்டரைத் திறந்து, ஷார்ட்கட்டின் சின்னப் படத்தை விண்டோஸ் திரையில் வரைய முயன்றாலே நிரல் ஓடிவிடும். உள்ளே போனதும் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடித்து, மையவிலக்குக் குழல்களின் வேகத்தை மாற்றியது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. நம் கடை வைரஸ் அதற்கு ஏழாவது தலைமுறை ஏழை உறவினர்.

நம் ஊர்ச் சங்கதியும் உண்டு. 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் பற்றிய செய்தி வந்தது நினைவிருக்கும். இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று முதலில் மறுப்பு. மறுநாள், அக்டோபர் 30, தீநிரல் இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் அறிக்கை கொடுத்தது. இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவில் ஒருவருடைய கணினிதான் பாதிக்கப்பட்டது, உலைக்கான வலையமைப்பு தனியாக இருக்கிறது என்றார்கள். பிரித்து வைத்தது அங்கே காப்பாற்றியது. ஆனால் பிரித்து வைத்த இரண்டுக்கும் நடுவே பென்டிரைவோடு நடக்க யாரையும் விடக் கூடாது. உங்கள் பின்பக்கக் கணினிக்குக் கோப்பு எப்படிப் போகிறது, அண்ணா?

---

நகல்கடைக்காரன் | புதன், மாலை 6.22

எல்லாக் கதையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுக் கணினி இன்று மறுபடியும் போய்விட்டது. நேற்று இரவு எல்லாவற்றையும் நான்காவது முறையாக ஃபார்மட் செய்தேன். காலை 9 மணிக்குச் சுத்தம். பகல் 12 மணிக்கு ஷார்ட்கட்!

பட்டியல் கேட்டீர்கள். முன்பக்கம்: வாடிக்கையாளர் பென்டிரைவ், அச்சு இயந்திரம். அந்தக் கணினியில் இப்போது பென்டிரைவைத் திறக்க விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறேன், பக்கத்துக் கடைத் தம்பி செய்து கொடுத்தார். நடு: அச்சு இயந்திரம், கைரேகைக் கருவி, கடையின் சொந்தப் பென்டிரைவ். பின்பக்கம்: கடையின் சொந்தப் பென்டிரைவ் மட்டும். போட்டோக்களை நடுவிலிருந்து பின்னால் கொண்டுபோக அதைத்தான் பயன்படுத்துகிறோம். சொந்தப் பென்டிரைவை நேற்று நானே அழித்தேன். இன்று காலை பத்து மணி வரை அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. கடைப் பையன்களைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நண்பர் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் தெரியும் என்கிறார். முழுவதையும் இங்கே ஒட்டட்டுமா?

---

நெறியாளர் | புதன், மாலை 6.40

ஒட்ட வேண்டாம். ஓடக்கூடிய எந்த நிரலையும் இந்தக் களத்தில் பதியக் கூடாது. விவாதம் தொடரட்டும்.

---

மட்டுநகர் மைதிலி | புதன், இரவு 9.16

மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். (நாங்கள் கணனி என்றுதான் எழுதிப் பழகியவர்கள், இந்த இழைக்காகக் கணினி என்று எழுதுகிறேன்.)

விபிஸ்கிரிப்ட் என்றதும் எனக்கு 2000 மே 4 நினைவுக்கு வந்தது. அந்தக் காதல் கடித வைரஸ் மணிலாவிலிருந்து கிளம்பியபோது அதே மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது. கோப்புப் பெயரின் முடிவில் டிஎக்ஸ்டி என்று இருக்கும், அதற்குப் பின்னால் விபிஎஸ் என்ற உண்மையான நீட்சியும் (கோப்பின் வகையைச் சொல்லும் பின்னொட்டு) இருக்கும். விண்டோஸ் கடைசி நீட்சியை மறைத்துவிடுவதால் வெறும் எழுத்துக் கோப்பு என்று நினைத்துத் திறந்தார்கள். திறந்ததும் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் போனது. அறிந்தவரின் பெயரில் வந்ததால்தான் திறந்தார்கள் என்பதை மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். எழுதிய ஓனெல் டி குஸ்மான் மீது வழக்கே நிற்கவில்லை. அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் அப்போது பிலிப்பைன்ஸில் கிடையாது. நீட்சியைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள் என்று இதற்காகத்தான் எல்லோரும் அறிவுரை சொல்வது. ஆனால் அண்ணா, உங்கள் விடயத்தில் அது உதவாது: அப்படி அமைத்தாலும் ஷார்ட்கட்டின் நீட்சியை விண்டோஸ் காட்டுவதில்லை. படத்தின் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறிதான் சட்டென்று கண்ணில் படும் அடையாளம்.

இனி என் கேள்வி. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதாக முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். எதில் எடுக்கிறீர்கள்? அந்தப் படம் கேமராவிலிருந்து நடுக் கணினிக்கு எப்படி வருகிறது?

சென்ற ஆண்டு எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டியின் படங்களை ஏற்றிய ஒவ்வொரு முறையும் ஆய்வுகூடக் கணினிகளில் இதே தொல்லை வந்தது. கடைசியில் கேமராவின் மெமரி கார்டில் இருந்தது. கார்டை ரீடரில் போட்டால் அதுவும் கணினிக்கு இன்னொரு பென்டிரைவ்தான். கேமராவில் விண்டோஸ் இல்லாததால் அங்கே அந்த ஸ்கிரிப்ட் ஓடாது, கேமரா பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். கொசுவுக்கு டெங்குக் காய்ச்சல் வருவதில்லையே, அதுபோல.

---

நகல்கடைக்காரன் | புதன், இரவு 9.31

கேமரா.

அது என் பட்டியலிலேயே இல்லை. கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கடை வீட்டுக்குக் கீழேதான்.

---

நகல்கடைக்காரன் | புதன், இரவு 10.20

அகப்பட்டது.

லினக்ஸ் கணினியில் கார்டைப் போட்டுப் பார்த்தேன். கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் ஃபோல்டர் இரண்டாக இருந்தது: ஒன்று அசல், இன்னொன்று அதே பெயரில் ஷார்ட்கட். கூடவே ஒரு விபிஎஸ் கோப்பு. தேதியைப் பார்த்தால் சரியாக மூன்று வாரத்துக்கு முன். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு திருமண ஆல்பத்துக்காக வெளியில் ஓர் ஆய்வகத்தில் கார்டைக் கொடுத்து அச்செடுத்து வந்தோம்.

முதல் வாடிக்கையாளர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருவது பெரும்பாலும் பதினோரு மணிக்கு மேல். பையன் கார்டை ரீடரில் போட்டு, டிசிஐஎம்-ஐ இரட்டைக் கிளிக் செய்வான். படங்கள் ஒழுங்காகத் திறந்துகொள்ளும். பாவம், அவன் தன் வேலையைத்தான் செய்தான். அங்கிருந்து சொந்தப் பென்டிரைவ், அதிலிருந்து பின்பக்கக் கணினி. முன்பக்கத்தில் கூட்டம் அதிகமானால் மாணவர்களின் பென்டிரைவைப் பின்னால் போட்டு அச்செடுப்போம் என்பதை உங்களிடம் மறைத்துவிட்டேன். ஆக, பெயர் கெட்டதில் நியாயம் இருக்கிறது.

மைதிலி அம்மா, உங்களுக்கு என்ன சொல்வது! நான்கு முறை கணினியைக் கழுவினேன். கொசு அலமாரியில் கேமராப் பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

---

மூன்றாமாண்டு | புதன், இரவு 10.44

கேமரா கார்டிலிருந்தே ஃபோல்டரைத் திறக்காமல், படங்களை நேராக இறக்கும் மென்பொருளால் எடுத்திருந்தால் வந்திருக்காதா?

---

இரவுப்பணி | வியாழன், அதிகாலை 1.08

சரியான கேள்வி. இந்த ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை ஷார்ட்கட்டை யாரும் தொடாதவரை அது செத்த கோப்பு. ஆகவே வந்திருக்காது. ஆனால் அதற்காகக் கார்டை அப்படியே விடக் கூடாது.

அண்ணா, இப்போது செய்ய வேண்டியது: மூன்று கணினிகளையும் சொந்தப் பென்டிரைவையும் கார்டையும் ஒரே இரவில் சுத்தம் செய்யுங்கள். ஒன்றை விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. கார்டின் படங்களை லினக்ஸில் எடுத்து வைத்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். டபிள்யூஸ்கிரிப்டை முடக்கிவிடலாம், நகலகத்துக்கு அது தேவைப்படாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அதையும் மாற்றப் பாருங்கள். செலவுதான், என்ன செய்ய.

---

பழைய_பிளாப்பி | வியாழன், காலை 7.15

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ரீடரில் போடும்முன் அதைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்கள் கார்டில் எழுத விடாது, படிக்க மட்டும் விடும். ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் யாரும் எழுத முடியாது. பிரெய்ன் காலத்தில் எங்கள் வங்கியில் அந்த ஸ்டிக்கருக்குப் பணப் பெட்டிச் சாவிக்கு நிகரான மரியாதை. பென்டிரைவ் செய்தவர்கள் அந்தத் தாழ்ப்பாளை ஏன் விட்டுவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

---

நகல்கடைக்காரன் | சனி, மாலை 4.50

மூன்று நாள் ஆயிற்று. மூன்று கணினிகளும் சுத்தம். என் கார்டில் அந்தத் தாழ்ப்பாள் எப்போதோ உடைந்து விழுந்திருந்தது, புதிய கார்டு வாங்கிவிட்டேன். முன்பக்கத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன்: "ஷார்ட்கட் ஆன பென்டிரைவ்கள் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்." இன்று மட்டும் பத்தொன்பது பேர் வந்தார்கள். பதினாறு பேருக்கு அதே ஸ்கிரிப்ட். என் கடையிலிருந்து போனதுதான். மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பையன் மட்டும் பைண்டிங்கில் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னான்; குறைத்தேன்.

---

புதியவன்77 | ஞாயிறு, இரவு 11.03

வணக்கம். முழுவதையும் படிக்க நேரமில்லை. என் மடிக்கணினியிலும் பென்டிரைவ் ஷார்ட்கட் ஆகிறது. ஃபார்மட் செய்தால் போதுமா?

---

நகல்கடைக்காரன் | ஞாயிறு, இரவு 11.09

தம்பி, உங்களிடம் கேமரா இருக்கிறதா?